மூடிக் கிண்ணமும் ஐம்பத்தெட்டு சதவீதமும்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. ஏப்ரல் வெயிலில் எங்கள் வீட்டுப் பழைய தேக்கு அலமாரியின் பக்கப் பலகையில் தலைமுடி அகலத்துக்கு ஒரு விரிசல் விட்டது.
2. அதை நான் பார்த்தேன். வேறு யாராவது பார்த்திருந்தால் மீதி ஏழில் ஆறு நடந்திருக்காது.
3. அலமாரிக்கு ஒரு பராமரிப்பு அட்டவணை தயாரித்தேன்.
4. கதவின் தாழ்ப்பாளைச் சரிசெய்தேன். மரத்துக்கு லின்சீட் (ஆளிவிதை) ஆயில் பூசினேன். சட்டத்தின் விளிம்பில் ரப்பர் பட்டை ஒட்டினேன். உள்ளே ஒரு தட்டில் ஈரப் பஞ்சும், அதன் அருகே ஓர் ஈரமானியும் வைத்தேன்.
5. மே நடுவில் கதவைச் சாத்தினேன்.
6. நாத்தனாருக்கு மாப்பிள்ளை அமைந்தது. ஞாயிற்றுக்கிழமை நிச்சயம் என்று முடிவானது.
7. வெள்ளிக்கிழமை மாலை கதவு திறக்கவில்லை.
8. பலமாக இழுத்தேன். உள்ளே ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது.
9. மாமியார் அடுப்படிக்குள் போய்விட்டார்.

எங்கள் மில்லில் ஓர் இயந்திரம் நின்றுபோனால் இப்படித்தான் எழுதி வைப்போம். என்ன நடந்தது, எப்போது, யார் கைபட்டது. வழக்கமாக அந்தப் படிவத்தில் என் கை கடைசி வரியில்தான் வரும், கையெழுத்துப் போடுவதற்காக. இதில் வெயிலையும் மாப்பிள்ளையையும் கழித்துவிட்டால் மற்றதெல்லாம் நான்தான்.

ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் எனக்கு இன்ஸ்ட்ருமென்டேஷன் இன்ஜினியர் வேலை. ஆலைக்குள் காற்றின் ஈரப்பதத்தை அளக்கும் கருவிகள் பொய் சொல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அதுதான் வேலை. ஈரம் குறைந்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கும், கூடினால் பஞ்சு உருளையில் சுற்றிக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு பிரிவிலும் ஈரமானி மாட்டியிருக்கிறோம். நான் அவற்றை முறை வைத்துக் கழற்றி, சரிபார்த்து, தேதி எழுதிய பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவேன். ஸ்டிக்கர் இல்லாத கருவி என்ன எண்ணைக் காட்டினாலும் நம்பக் கூடாது என்று புதிதாகச் சேர்கிறவர்களுக்கு வகுப்பு எடுப்பதும் நான்தான். வகுப்பில் இதை இரண்டு முறை சொல்வேன்.

கல்யாணமாகி ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. தினமும் பஸ்ஸில் மில்லுக்குப் போய் வருகிறேன். கணவருக்கு ஓசூரில் வேலை, மாதத்துக்கு இரண்டு முறை வருவார். எனவே நான் குடித்தனம் நடத்துவது மாமனார், மாமியார், நாத்தனார், அலமாரி ஆகிய நால்வருடன்.

அலமாரி முன்னறையில் நிற்கிறது. ஆள் உயரத்தைவிட ஒரு முழம் கூடுதல். இரண்டு கண்ணாடிக் கதவுகள். கண்ணாடி அந்தக் காலத்துச் சரக்கு. அதன் வழியே பார்த்தால் எதுவுமே தண்ணீருக்குள் கிடப்பதுபோல் லேசாக நெளியும். உள்ளே எல்லாம் பீங்கான். கரையில் நீலக்கோடு போட்ட தட்டுகள், காது போன இரண்டு கோப்பைகள், நான்கு ஊறுகாய் ஜாடிகள், ஒரு நாய் (ராஜபாளையம் நாய் இல்லை, காது தொங்கும் ஏதோ சீமை நாய்). நடுத்தட்டில், எல்லாவற்றுக்கும் முன்னால், மூடிக் கிண்ணம்.

மூடிக் கிண்ணம் என்பது இந்த வீட்டார் வைத்த பெயர். இரண்டு கையாலும் அணைத்துத் தூக்க வேண்டிய அளவுக்குப் பெரிய வெள்ளைக் கிண்ணம். அதற்குக் குடைபோல ஒரு மூடி. மூடியின் உச்சியில் பிடித்துத் தூக்க மாதுளை மொட்டுப் போல ஒரு குமிழ். மாமனாரின் தாத்தாவுக்கு ஒரு மிஷனரி அம்மாள் ஊர் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனதாகச் சொல்வார்கள். அந்த அம்மாள் அதில் சூப் வைத்திருக்கலாம். எங்கள் வீட்டில் அதில் பால்கோவாதான் வைக்கிறோம், அதுவும் ஒரே ஒரு சந்தர்ப்பத்தில். வீட்டில் யாருக்காவது கல்யாணம் நிச்சயமாகும்போது போதகர் ஜெபம் செய்து முடித்ததும், குடும்பத்தில் மூத்த பெண் எல்லார் முன்னிலையிலும் அந்த மூடியைத் தூக்கி, முதல் கரண்டி கோவாவைச் சம்பந்தி அம்மாவுக்குக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் சம்பந்தம் உறுதி என்று கணக்கு. என் நிச்சயத்தின்போது என் அம்மாவுக்கும் அப்படித்தான் கொடுத்தார்கள். எனக்கு அன்றைக்குக் கோவா கிடைக்கவில்லை, அது வேறு விஷயம்.

அந்த மூத்த பெண் என் மாமனாரின் அக்கா. ராஜபாளையத்தில் இருக்கிறார். நான் பெரியம்மா என்று கூப்பிடுவேன், மாமியார் மதினி என்பார். பாகம் பிரித்தபோது பெரியம்மா இந்த அலமாரியைக் கேட்டிருக்கிறார். தம்பி வீட்டிலேயே இருக்கட்டும் என்று பெரியவர்கள் சொன்னதும் விட்டுக்கொடுத்துவிட்டு, ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வந்து கேக்கைக் கையில் வைத்துக்கொண்டே அதை ஞாபகப்படுத்துவார்: “உள்ள இருக்கதுல ஒண்ணு உடைஞ்சாலும் அலமாரி என் வீட்டுக்கு வந்திரணும். லாரியை நானே கூட்டிட்டு வந்திருவேன்.”

எல்லாரும் சிரிப்பார்கள். மாமியார் சிரிக்க மாட்டார். முதல் வருடம் நான் அதை மாமியாருக்கும் அவருடைய நாத்தனாருக்கும் உள்ள மனத்தாங்கல் என்று நினைத்துக் கடந்துவிட்டேன்.

இப்போது ஏப்ரல் விரிசலுக்கு வருகிறேன்.

விரிசலைப் பார்த்த அன்றே நோயைக் கண்டுபிடித்துவிட்டேன்: காற்று வறண்டிருக்கிறது. எங்கள் மில்லில் நூலுக்கு ஐம்பத்தெட்டு சதவீத ஈரப்பதம் வைப்போம். நூலும் ஒரு செடியிலிருந்து வந்தது, தேக்கும் மரத்திலிருந்து வந்தது. ஆகவே தேக்குக்கும் ஐம்பத்தெட்டு. ஒரு பொறியாளர் எழுத்தில் வைக்கத் தயங்க வேண்டிய தர்க்கம் இது. நான் அதை அட்டவணையில் எழுதி, லேமினேட் செய்து அலமாரியின் பக்கவாட்டில் ஒட்டினேன்.

முதலில் பொருள் பட்டியல். ஒவ்வொரு பீங்கானுக்கும் எண் அச்சடித்து அடியில் ஒட்டினேன். பட்டியலில் ‘குறிப்பு’ என்று ஒரு பத்தி உண்டு. அதற்காக மாமியாரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டேன்.

“இந்த நாய்க்கு ஏதாவது விசேஷக் கவனம் உண்டா அத்தை?”

“நாய்க்கு என்ன கவனம். சோறா வைக்கப் போற?”

“மூடிக் கிண்ணம்?”

மாமியார் கொஞ்சம் யோசித்தார். “அதுக்குத் தண்ணி மட்டும் காட்டிராத. காஞ்ச துணியால தொடச்சா போதும்.”

“ஏன்?”

“ஏன்னா? காட்டக் கூடாதுன்னா காட்டக் கூடாது. மதினி சொன்ன சட்டம் அது.”

பீங்கானுக்குத் தண்ணீரால் ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். குறிப்புப் பத்தியில் ‘காரணம் இல்லை, நம்பிக்கை’ என்று எழுதிக்கொண்டேன்.

அலமாரிக் கதவு அதுவரை முழுதாக மூடியதே கிடையாது. தாழ்ப்பாள் என்றைக்கோ உடைந்து, ஒரு விரல் அளவு திறந்தே கிடந்தது. யாரும் அதைச் சரிசெய்யவில்லை. ‘பராமரிப்பு இன்மை’ என்று தலைப்பிட்டு அதை முதல் குறையாகப் பதிவுசெய்தேன். புதுத் தாழ்ப்பாள் போட்டேன். உள்ளே வைக்கும் ஈரம் வெளியே கசியக் கூடாது என்று சட்டத்தைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டினேன். பட்டை மேல் மூலையில் ஓர் அங்குலம் பற்றவில்லை. அளந்தது நான்தான். மரத்துக்கு லின்சீட் ஆயிலை மூன்று கை பூசினேன். ஒரு கை பூசியதும் மிச்சத்தைத் துடைத்தெடுத்து, நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்த கை பூச வேண்டும் என்று டப்பாவிலேயே போட்டிருந்தது. அந்த எழுத்து மிகப் பொடி. அடித்தட்டில் எவர்சில்வர் தாம்பாளத்தில் நனைத்த பஞ்சு. முள் வைத்த ஈரமானி ஒன்றைக் கடையில் வாங்கி, கண்ணாடி வழியே தெரிகிற மாதிரி நாய்க்குப் பக்கத்தில் வைத்தேன்.

முள் ஐம்பத்தெட்டில் நின்றது.

மறுநாளும் ஐம்பத்தெட்டு. ஒரு வாரம் கழித்தும் அதே. மில்லில் பெரிய பெரிய மோட்டார்கள் போட்டும் இவ்வளவு நிலையாக ஒரு நாளும் நின்றதில்லை. மூன்றாவது வாரம் சாரல் காற்று தொடங்கி, வீட்டில் உப்பு ஜாடியே கசிந்தது. அலமாரி மட்டும் ஐம்பத்தெட்டு. மாமனாரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“பாருங்க மாமா. வெளியே எப்படி இருந்தாலும் உள்ளே அசையல.”

மாமனார் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். குனிந்து கண்ணாடியைப் பார்த்தார். “உள்பக்கம் மூடுபனி மாதிரி இருக்கேம்மா.”

“அது காலைக் குளிருக்கு மாமா.”

“ஜூன் மாசத்துலயா?”

நான் முள்ளைச் சுட்டிக்காட்டினேன். அவர் முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேப்பர் படிக்கப் போய்விட்டார். கண்ணால் பார்த்த தண்ணீரை விட்டுவிட்டு, ஸ்டிக்கர் இல்லாத கருவி காட்டிய எண்ணை நம்பினேன். வகுப்பில் இரண்டு முறை சொல்வேன் என்றேனே, அதே விஷயம்தான்.

வெள்ளிக்கிழமை மாலை நான் பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குள் நுழைந்ததும் மாமியார், “செத்த நேரம் உக்காந்துட்டு அந்தக் கிண்ணத்தை எடுத்துக் குடும்மா. தொடச்சு வச்சிருவோம்” என்றார். தாழ்ப்பாளை நீக்கினேன். கதவு வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். வரவில்லை. ஒரு காலைச் சட்டத்துக்கு முட்டுக் கொடுத்து இழுத்தேன். அலமாரி முழுதும் ஒருமுறை குலுங்கியது. அப்போதுதான் அந்த ‘டக்’.

நானும் மாமியாரும் நாத்தனாரும் கண்ணாடி வழியாகப் பார்த்தோம். மூடியின் உச்சி மொட்டையாக இருந்தது. குமிழ் கிண்ணத்தின் பக்கத்தில் உருண்டு கிடந்தது.

மாமியார் உள்ளே போய்விட்டார். நாத்தனார்தான் வாயைத் திறந்தாள்.

“அண்ணி, என் கல்யாணத்தை உள்ள வச்சுப் பூட்டிட்டீங்க.”

“சாரிம்மா.”

“பரவால்ல. மாப்பிள்ளைகிட்ட சொல்லிருதேன், அலமாரி திறந்ததும் வாங்கன்னு.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா வருவார். எல்லார் முன்னிலையிலும் அந்தக் குமிழைப் பிடித்துத்தான் மூடியைத் தூக்க வேண்டும். குமிழ் இல்லையென்றால் அலமாரி லாரி ஏறும். மாமியார் முப்பது வருடம் ஒரு கீறல் விழாமல் காத்த சாமானை, நான் ஐந்தே வாரத்தில், அட்டவணை போட்டு முடித்துவைத்திருந்தேன்.

மாமனார் தச்சருக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

“சேத்தூர்ல வேலையா கெடக்கேன் சார். திங்கக்கிழமை வாரேன். கண்ணாடியில கை வச்சிராதீங்க, அது மாதிரி இப்ப கெடைக்காது. என்ன செஞ்சீங்க கதவை?”

மாமனார் சொன்னார். ஆயில், ரப்பர், ஈரப் பஞ்சு. ஒவ்வொன்றுக்கும் எதிர்முனையில் ஒரு பெருமூச்சு.

“மரம் ஊதியிருக்கு. ஆயிலும் ரப்பரும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு. யார் செஞ்சது இம்புட்டையும்?”

“மருமக. இன்ஜினியர்.”

“சரி சார். நான் வார வரைக்கும் ஒண்ணும் செய்யாதீங்க. அவங்களையும் ஒண்ணும் செய்ய விடாதீங்க.”

சனிக்கிழமை காலை விடுப்பு சொல்லிவிட்டு யோசித்தேன். மரத்தின் ஊதல் ஒரே நாளில் இறங்காது. ஆனால் கதவைப் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் ரப்பரும் ஆயிலும்தான். இரண்டுக்கும் நடுவில் ஏதாவது மெல்லியதை நுழைத்து அறுத்துக்கொண்டே வந்தால் விடும். எங்கள் மில் நூலை இரண்டு புரியாக முறுக்கி, ரப்பர் பற்றாமல் போன அந்த ஓர் அங்குல இடுக்கு வழியே நுழைத்தேன். அறுந்தது. நான்கு புரி போட்டேன். அறுந்தது. அதே நூலின் பலத்துக்குச் சான்று கொடுக்கும் கருவியில் என் கையெழுத்துப் போட்ட பச்சை ஸ்டிக்கர் இருக்கிறது.

மாமனார் பின்னறைக்குப் போய் ஒரு தகர டப்பாவோடு வந்தார். அவர் ஓய்வுபெற்ற புதிதில் பிளவக்கல் அணைப் பக்கம் தூண்டில் போடப் போய்வந்தவர். ஒரு மீன்கூட வீட்டுக்கு வந்ததில்லை என்பது இந்த வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். டப்பாவில் தூண்டில் நரம்பு சுற்றி வைத்தபடியே புதிதாக இருந்தது.

“இதைப் பாரு. பத்துக் கிலோ மீனைத் தாங்குமாம்.”

அடுப்படியிலிருந்து மாமியாரின் குரல் மட்டும் வந்தது: “மீனுக்குத்தான் அது தெரியாமப் போச்சு.”

முந்தைய மாலைக்குப் பிறகு அவர் பேசிய முதல் வாக்கியம் அது. எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

நான் ஸ்டூலில் ஏறி நரம்பின் ஒரு முனையை மேலேயும், மாமனார் மறுமுனையைப் பக்கவாட்டிலும் பிடித்துக்கொண்டோம். ரம்பம் இழுப்பதுபோல் மாற்றி மாற்றி இழுத்தோம். அங்குலம் அங்குலமாக ரப்பர் விட்டது. நாத்தனார் இரண்டு கையையும் கண்ணாடியில் அழுத்தி, அலமாரி குலுங்காமல் பார்த்துக்கொண்டாள். அரை மணி நேரம் ஆகியிருக்கும். கீழ் மூலையைத் தாண்டியதும் கதவு ஒட்டிய பிளாஸ்திரி பிய்வது போன்ற சத்தத்தோடு திறந்தது.

மாமனார் நரம்பைச் சுற்றிக்கொண்டே சொன்னார்: “மொத மொதலா இதுல ஒண்ணு மாட்டிருக்கு.”

உள்ளேயிருந்து நனைந்த கோணி வாடை வந்தது. விரிப்புத் துணியில் பச்சைப் பூஞ்சணம். நான் ஒட்டிய எண்கள் அனைத்தும் கழன்று அடித்தட்டில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. ஈரமானியை எடுத்து வெளியே வைத்தேன். ஐம்பத்தெட்டு. வெயிலில் வைத்தேன். ஐம்பத்தெட்டு. உப்பைக் கூழாக நனைத்து, அதோடு இறுக்கமான டப்பாவுக்குள் மூடிவைத்தால் எந்த ஈரமானியும் எழுபத்தைந்தைக் காட்ட வேண்டும். ஒரு கருவி சரியா என்று பார்க்க உலகத்திலேயே மலிவான சோதனை. தேவையான உப்பு இரண்டு வாரத்துக்கு மேலாக அடுப்படியில் கசிந்துகொண்டிருந்தது. அப்போதுதான் அதைச் செய்தேன். ஐம்பத்தெட்டு. டப்பாவைக் குலுக்கினேன். முள் கண்ணாடியில் உரசிச் சிக்கியிருக்கிறது. வாங்கிய நாளிலிருந்தே.

பிறகு குமிழைக் கையில் எடுத்தேன்.

மன்னிப்புக் கேட்கும் வாக்கியங்களைக்கூட மனத்துக்குள் வரிசைப்படுத்தியிருந்தேன். ஆனால் உடைந்த இடத்தைப் பார்த்ததும் வரிசை நின்றுவிட்டது. புதிதாக உடைந்த பீங்கான் உப்புக்கல் போல வெள்ளையாக, கூராக இருக்க வேண்டும். இது பழுப்பாக இருந்தது. விரலால் தொட்டால் பிசுபிசுத்தது. இது உடையவில்லை, ஒட்டியிருந்தது விட்டுப்போயிருக்கிறது.

“அத்தை” என்றேன்.

மாமியார் ஏற்கெனவே பின்னால் வந்து நின்றிருந்தார்.

“பாத்துட்டியா?” என்றார். நாற்காலியில் உட்கார்ந்தார். “நீ உடைக்கல. நேத்தே சொல்லியிருக்கணும், வாய் வரல. நான் கல்யாணமாகி வந்த மொத வருசம். தண்ணி காட்டாதன்னு மதினி அம்புட்டுச் சொல்லியும், கிறிஸ்துமஸ் வருதே, பளபளன்னு இருக்கட்டும்னு கழுவினேன். கையோட வந்துட்டு. உங்க மாமாதான் ரெண்டு குழாய்ப் பசையைக் கலந்து ஒட்டிக் கொடுத்தாவ. அவியளைத் தவிர யாருக்கும் தெரியாது. முப்பது வருசமா ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவ லாரிம்பா, நான் அந்தக் குமிழைத்தான் பாத்துக்கிட்டு இருப்பேன்.”

மாமனார் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்திருந்தார். அது நேற்றைய பேப்பர்.

நான் ஆறுதல் சொல்லியிருக்க வேண்டும். குமிழைத்தான் மறுபடி பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு குழாய்ப் பசை காய்ந்தால் மஞ்சளாக, கல்லாக இறுகும், ஈரத்துக்கு அசையாது. அது அங்கே இருந்தது, ஒரு மெல்லிய படலமாக, இன்னும் கெட்டியாக. விட்டுப்போனது அது அல்ல. அதற்கும் பீங்கானுக்கும் நடுவில் பழுப்பாக இன்னொரு படலம். தச்சர்கள் காய்ச்சி ஊற்றும் வஜ்ரப் பசை. அது ஈரத்தில் இளகும். அதை ஒரு குண்டூசியால் சுரண்டிக் காட்டினேன்.

“அத்தை, இதுல ரெண்டு பசை இருக்கு. மாமா ஒட்டினது மேல இருக்கு. அதுக்கு அடியில வஜ்ரம். உங்க கைக்கு வர்றதுக்கு முன்னாடியே இது உடைஞ்சு ஒட்டியிருக்கு. நீங்க கழுவினதுல அந்தப் பசை இளகியிருக்கு, அவ்வளவுதான். இப்ப நான் வச்ச ஈரத்துல மறுபடியும் இளகியிருக்கு.”

மாமியார் குமிழை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்தார். 

“அப்ப தண்ணி காட்டாதன்னு சொன்னது...” என்று தொடங்கி, நிறுத்திக்கொண்டார்.

அந்தச் சட்டம் பெரியம்மாவுடையது என்று பட்டியல் போட்ட அன்றே மாமியார் சொல்லியிருந்தார். நான்தான் காரணம் இல்லை என்று எழுதியிருந்தேன்.

“ஒட்டிருவோமா அத்தை? இன்னைக்கு ஒட்டினா நாளைக்குள்ள காஞ்சிரும்.”

“ஒட்ட வேண்டாம்” என்றார். “மூடி மேல அப்படியே எடுத்து வை. நாளைக்கு அவளே வந்து தூக்கட்டும்.”

மில்லில் பாதுகாப்புப் பயிற்சி எடுத்தவள் என்ற முறையில் அன்று இரவு நான் சரியாகத் தூங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பெரியம்மா நேராக வந்தார். கணவர் காலையில்தான் ஓசூரிலிருந்து வந்திருந்தார். அவருக்கு எதுவும் சொல்லவில்லை. மாப்பிள்ளை வீட்டார் தளவாய்புரத்திலிருந்து ஒரு வேனில் வந்தார்கள். மேசை நடுவில் மூடிக் கிண்ணம். உள்ளே இரண்டு கிலோ கோவா. மேலே மூடி. மூடியின் உச்சியில், எதனாலும் பிடிக்கப்படாமல், குமிழ். போதகர் ஜெபத்தில் மேசையைத் தட்டிவிடக் கூடாதே என்பது மட்டும்தான் என் ஜெபமாக இருந்தது.

“ஆமென்” சொன்னதும் பெரியம்மா சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு முன்னால் வந்தார். மாமியார் சரியாக எதிரில் நின்றார்.

பெரியம்மா குமிழைப் பிடிக்கவில்லை.

இரண்டு உள்ளங்கைகளையும் மூடியின் விளிம்புக்கு அடியில் கொடுத்து, ஒரு குழந்தையின் தலையைத் தூக்குவதுபோலத் தூக்கினார். அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது: என் நிச்சயத்திலும் அவர் அப்படித்தான் தூக்கினார். எவ்வளவு மரியாதையாகத் தூக்குகிறார் என்று என் அம்மாகூட வீட்டுக்கு வந்து சொன்னார்.

மூடி சற்றே சாய்ந்தது. குமிழ் உருண்டது. சத்தமே இல்லாமல் பால்கோவாவுக்குள் விழுந்தது.

சம்பந்தி அம்மா மட்டும் பார்த்துவிட்டார். “என்னது அது, பாதாமா?”

“ஆமா” என்றார் பெரியம்மா, முகத்தில் ஒன்றும் மாறாமல். “முழுப் பாதாம். எங்க வீட்டு வழக்கம்.” கரண்டியால் குமிழை லாகவமாக எடுத்துத் தன் கைக்குட்டைக்குள் போட்டுக்கொண்டு, மறுபக்கத்திலிருந்து முதல் கரண்டி கோவாவை எடுத்துச் சம்பந்தி அம்மாவின் கையில் வைத்தார். எல்லாரும் கைதட்டினார்கள். நாத்தனார் சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டாள். மாப்பிள்ளை வீட்டார் அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

சாப்பாட்டுப் பந்தி நடக்கும்போது பெரியம்மா அடுப்படிக்கு வந்தார். நானும் மாமியாரும் அங்கேதான் இருந்தோம். குழாயைத் திறந்து, குமிழைக் கழுவி, தலைப்பில் துடைத்து, மாமியாரிடம் நீட்டினார்.

“இனிமே இதுக்கு வஜ்ரம் பிடிக்காது. வேற ஏதாவது பாரு.”

மாமியார் வாங்கிக்கொண்டார். “வஜ்ரம்னு யார் சொன்னா மதினி?”

குழாயில் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. நான் அதை மூடுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

“பதினாலு வயசு எனக்கு” என்றார் பெரியம்மா. “மூடியைத் தலையில வச்சு, பாட்டுப் பாடிக்கிட்டே ஆடினேன், விழுந்து குமிழு உடைஞ்சிட்டு. அலமாரிக்கு வேலை பாக்க வந்த ஆசாரிட்ட ஒட்டித் தரச் சொல்லிக் கெஞ்சினேன். அம்மாவுக்குத் தெரியாது.” பிறகு கொஞ்சம் குரலை உயர்த்தி, “சரி, ரசத்தைக் கொண்டா. அங்க எல்லாரும் வெறும் சோத்தைப் பாத்துக்கிட்டு இருக்காவ” என்றார்.

அலமாரியைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோக முப்பது வருடம் ஏன் அவ்வளவு ஆசைப்பட்டார் என்று நான் கேட்கவில்லை. அது தன் கண் முன்னால் இருந்தால் யாரும் கழுவிப் பார்க்க மாட்டார்கள் என்பது காரணமாக இருக்கலாம். அது என் ஊகம். என் ஊகங்களின் தரம் இந்தக் கட்டுரையில் தெளிவாகவே பதிவாகியிருக்கிறது.

கிளம்பும்போது பெரியம்மா அலமாரியின் முன் நின்று, பக்கவாட்டில் ஒட்டியிருந்த என் அட்டவணையைக் கண்ணாடி போட்டுப் படித்தார்.

“இது என்னது, ஐம்பத்தெட்டு?”

“ஒண்ணுமில்ல பெரியம்மா” என்றேன்.

“உனக்குச் சம்பளமே இதுக்குத்தானாமே” என்றார். மாமனார் சொல்லியிருக்க வேண்டும்.

இன்றைய நிலை இது. அலமாரி ஸ்ரீவில்லிபுத்தூரில், அதே இடத்தில் நிற்கிறது. திங்கட்கிழமை வந்த தச்சர் ரப்பரைப் பிய்த்தெடுத்து, ஒட்டிய ஆயிலைத் துடைத்துவிட்டுப் போனார். ஏப்ரல் விரிசல் தானாக மூடிக்கொண்டிருக்கிறது. வெயில் வந்தால் திரும்ப விடும் என்றார், விட்டால் விடட்டும் என்றும் சொன்னார். தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன். கதவு ஒரு விரல் அளவு திறந்திருக்கிறது. ஈரமானி குப்பையில். அட்டவணையும். பொருள் பட்டியல் மட்டும் இருக்கிறது. அதில் மூடிக் கிண்ணத்துக்கு நேரே உள்ள குறிப்பை அடித்துவிட்டு ‘தண்ணீர் படக் கூடாது’ என்று திருத்தியிருக்கிறேன். குமிழை யாரும் ஒட்டவில்லை. மூடியின் பக்கத்தில் ஒரு மூக்குக் கண்ணாடி டப்பாவுக்குள், காய்ந்த பஞ்சின் மேல் இருக்கிறது. கல்யாணம் செப்டம்பரில்.